வீட்டில் செய்த ஸ்பீக்கருக்கு எந்த மைக்?

பழைய தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் நுழைந்தால், ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்வதற்கு வேண்டியதில் பெரும்பகுதியை ஒரே நடையில் வாங்கிவிடலாம். வூஃபர், ட்வீட்டர், ஒயர், டெர்மினல், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவருக்கான கண்டென்சர், காயில் எல்லாம் அந்தச் சந்துகளில் இருக்கின்றன. பலகைக்குக் கீர்த்தி நகர் போக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செட்டுக்குச் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகவே தெரியாது. பெட்டி ஒட்டி, ஆணி அடித்து, ஒயர் பற்றவைத்து, பாட்டும் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கேள்வி தொடங்குகிறது. இந்தப் பெட்டி பாட்டில் இருப்பதைத் தருகிறதா, தன் பங்குக்கு எதையாவது சேர்க்கிறதா, விழுங்குகிறதா?

காது இதற்குப் பதில் சொல்லும், ஆனால் இடத்தைச் சுட்டிக்காட்டாது. "குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது" என்று காது சொல்லும். அது 300 ஹெர்ட்ஸில் பெட்டியின் அதிர்வா, 2,500 ஹெர்ட்ஸில் வூஃபர், ட்வீட்டர் என்ற இரண்டு டிரைவரும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதா, அறையின் வேலையா என்று காட்ட ஒரு மைக் வேண்டும். எந்த மைக் என்பதில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். கடையில் போய் "நல்ல மைக் எது?" என்று கேட்கிறார்கள். மைக்கிடம் நாம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அளப்பதும் பதிவு செய்வதும் வெவ்வேறு வேலை. மேடைப் பாடகர் பிடிக்கும் மைக், கோயில் திருவிழா மைக் செட்டில் நாம் பார்த்துப் பழகிய அஹுஜா மைக் போன்றவை குரலுக்காகச் செய்யப்பட்டவை. (அஹுஜா 1940 முதல் இயங்கும் தில்லி நிறுவனம்.) புகழ்பெற்ற ஷூர் எஸ்எம்58 கீழ் அதிர்வெண்களைக் குறைத்து, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். கூட்டத்தில் பாடகரின் சொல் தெளிவாகக் கேட்க அந்த மேடு உதவும். அதே மைக்கால் ஸ்பீக்கரை அளந்தால் அந்த மேடு ஸ்பீக்கரின் கணக்கில் ஏறிவிடும்.

அளவை மைக் பார்ப்பதற்கு மெலிந்த குழாய் போல இருக்கும். அதன் நுனியில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்ன எலக்ட்ரெட் கேப்ஸ்யூல். நுனி சிறிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் 17 மில்லிமீட்டர். ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவுக்கு வைக்கும் பெரிய மைக்கின் சவ்வு ஓர் அங்குலம், அதாவது அந்த அலையைவிடப் பெரியது. அது அலையை அளப்பதோடு அதன் வழியில் குறுக்கேயும் நிற்கும். சின்ன நுனி அலையைப் பெரிதாகக் கலைக்காது, எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும்.

கையில் இருக்கும் போனிலிருந்து தொடங்குவோம். போனின் மைக்கை முழுசாக ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், ஐபோனுக்கு இலவச ஒலிமானி ஆப் ஒன்றைக் கொடுக்கிறது. ஒலியின் மொத்த அளவைச் சொல்வதில் அது நம்பத்தக்கது. இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா, ட்வீட்டர் ஒன்று செத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க இது போதும். போன் பேசுவதற்குச் செய்யப்பட்டது, எனவே பேஸ் பகுதியை வடிகட்டிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்கள் சத்தத்தைத் தாமாகக் கூட்டிக் குறைக்கும், பின்னணி இரைச்சலை அழிப்பதாக நினைத்துப் பாட்டையும் சேர்த்து அழிக்கும். போனில் வளைகோடு வரைந்து அதை வைத்துக் கிராஸ்ஓவரில் கண்டென்சரை மாற்றுவது தப்பு. போனோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்கள் டேட்டன் ஆடியோவின் ஐஎம்எம்-6 போன்ற, போனில் செருகும் சின்ன அளவை மைக்கைப் பார்க்கலாம். அதற்கு வரிசை எண்படி தனி அளவுத்திருத்தக் கோப்பு கிடைக்கும், போன் மைக்கின் குறையை அது ஈடுகட்டிவிடும். இதற்கு மேல் இந்த வழியில் சொல்ல எதுவுமில்லை.

அடுத்தது யூஎஸ்பி மைக். முதல் அளவை மைக் வாங்குபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் நிற்கிறார்கள், நியாயமாகவே. மினிடிஎஸ்பியின் யூமிக்-1, டேட்டனின் யூஎம்எம்-6 இரண்டும் இந்த வகை. லேப்டாப்பில் செருகி, ஜான் மல்காஹி எழுதிய இலவச மென்பொருளான ரூம் ஈக்யூ விசார்டைத் திறந்து, மைக்கின் வரிசை எண்ணைக் கொடுத்து இறக்கிய கோப்பை ஏற்றினால் வேலை தொடங்கிவிடும். அந்தக் கோப்புதான் இதன் உயிர். மைக் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அதில் எழுதியிருக்கும், மென்பொருள் அதைக் கழித்துவிடும். யூமிக்-1க்கு இரண்டு கோப்புகள் வரும். மைக்கை நேராக ஸ்பீக்கரை நோக்கி நீட்டினால் 0 டிகிரிக் கோப்பு, உச்சி விட்டத்தை நோக்கி நிறுத்தி அறை முழுவதையும் அளந்தால் 90 டிகிரிக் கோப்பு. மாற்றிப் போட்டால் உச்ச ஸ்தாயியில் வளைகோடு கோணலாகிவிடும், பழி ட்வீட்டர் மேல் விழும்.

யூஎஸ்பி மைக்குக்கு ஒரு குறை உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த வகைக்கு ஏன் கூடுதல் காசு என்பது விளங்கும். ஒலியை அனுப்பும் சவுண்டு கார்டு ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது, யூஎஸ்பி மைக் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. ஒலி கிளம்பிய நொடிக்கும் மைக்கை வந்தடைந்த நொடிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். ஒரு வூஃபரை மட்டும் அளந்து அதன் மேடு பள்ளம் பார்க்க இது தடையில்லை. வூஃபரைத் தனியாக, ட்வீட்டரைத் தனியாக அளந்து, இரண்டையும் கணினியில் சேர்த்துக் கிராஸ்ஓவர் வடிவமைக்க வந்தால் இதுவே பெரிய தலைவலி. 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 14 சென்டிமீட்டர். அதில் பாதி 7 சென்டிமீட்டர், நேரத்தில் 0.2 மில்லி நொடி. அந்த 0.2 மில்லி நொடி பிசகினால், கூட வேண்டிய இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாகக் கணினி காட்டும். நீங்கள் அதை நம்பி இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள்.

இதற்குத் தீர்வு எக்ஸ்எல்ஆர் வகை அளவை மைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும். பெரிங்கர் ஈசிஎம்8000, டேட்டன் இஎம்எம்-6 இந்த வகை. இன்டர்ஃபேஸில், மைக்குக்கு ஒயர் வழியே மின்சாரம் தரும் ஃபேண்டம் பவர் இருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த மைக் உயிர்பெறாது. இன்டர்ஃபேஸின் இரண்டு வெளியீட்டில் ஒன்று ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். மற்றொன்றை ஒரு குட்டி ஒயரால் அதே இன்டர்ஃபேஸின் இரண்டாவது உள்ளீட்டில் செருகிவிட வேண்டும். மைக்கின் ஒலியும் அந்தச் சுற்று ஒயரின் ஒலியும் ஒரே கடிகாரத்தில் உள்ளே வரும். ஒயரில் நேரம் செலவாவதில்லை என்பதால், அதை ஒப்பிட்டு மைக்குக்கு ஒலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை மென்பொருள் ஒவ்வொரு அளவையிலும் துல்லியமாக எடுத்துக்கொள்ளும். மைக்கை அசைக்காமல் வூஃபர், பிறகு ட்வீட்டர் என்று அளந்தால் இரண்டின் நேர உறவும் அப்படியே நிற்கும். அந்தக் கோப்புகளை விட்யூக்ஸ்கேட் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றி, கண்டென்சர் வாங்குவதற்கு முன்பே கிராஸ்ஓவரைத் திரையில் கட்டிப்பார்க்கலாம். ஐந்தாறு மதிப்புள்ள கண்டென்சர்களை வாங்கிவந்து மாற்றி மாற்றிக் கேட்பதற்கு ஆகும் செலவில் இன்டர்ஃபேஸின் ஒரு பகுதி தேறிவிடும்.

யூஎஸ்பி மைக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மைக்கையும் பெட்டியையும் அசைக்காமல் வூஃபரை மட்டும் ஒன்று, ட்வீட்டரை மட்டும் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒன்று என மூன்று அளவைகள் எடுங்கள். வடிவமைப்பு மென்பொருளில் முதல் இரண்டையும் கூட்டி, ட்வீட்டரின் தூரத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டே வாருங்கள். கணக்கில் வந்த வளைகோடு, மூன்றாவதாக அளந்த வளைகோட்டின் மேல் அச்சாகப் படியும் இடத்தில் நிறுத்தினால் நேர உறவு கிடைத்துவிட்டது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட எளிமையான சோதனை ஒன்றுண்டு. கிராஸ்ஓவர் பூட்டிய பிறகு, ட்வீட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டு அளந்து பாருங்கள். பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ். இரண்டு டிரைவரும் சேரும் அதிர்வெண்ணில் வளைகோடு கிணறு போல ஆழமாக, இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால் உங்கள் வடிவமைப்பு சரி. சரியான முனையில் ஒலிக்கும்போது அந்த இடத்தில் இரண்டும் ஒத்துச் சேர்கின்றன என்று பொருள். ஒயர் மாற்றியும் லேசான பள்ளம்தான் வருகிறது, அல்லது பள்ளம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றால் நேரம் பொருந்தவில்லை. எந்த வகை அளவை மைக்காலும் இதைச் செய்யலாம். ஒயரைப் பழையபடி மாற்றிப் பற்றவைக்க மட்டும் மறக்கக் கூடாது.

எக்ஸ்எல்ஆர் வகையிலேயே இரண்டுக்குள் எதை எடுப்பது? பெரிங்கர் பல ஆண்டுகளாகப் பலர் கையில் இருக்கிறது, எளிதில் கிடைக்கிறது, ஆனால் பெட்டிக்குள் தனிக் கோப்பு வராது. ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் உச்ச ஸ்தாயியில் வித்தியாசம் உண்டு. டேட்டனுக்கு வரிசை எண்படி கோப்பு உண்டு. என் தேர்வு எப்போதும் கோப்போடு வருவதுதான். கோப்பு இல்லாத விலையுயர்ந்த மைக்கைவிடக் கோப்பு உள்ள மலிவு மைக் மேல். பிழை இருப்பது பாதகமில்லை, பிழை எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் பாதகம்.

பற்றவைப்பதில் ஆசை உள்ளவர்கள் கேப்ஸ்யூலை மட்டும் வாங்கித் தாமே மைக் செய்துகொள்வதும் உண்டு. அந்தக் காலத்தில் பானாசோனிக்கின் டபிள்யூஎம்-61ஏ இதற்குப் பேர்போனது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் அதைச் சிறு மாற்றம் செய்து பயன்படுத்தும் முறையை உலகத்துக்குச் சொன்னார். அந்தக் கேப்ஸ்யூலின் உற்பத்தி நின்றுவிட்டது, அதன் பெயரில் இன்று விற்பவை எல்லாம் அதுவல்ல. செய்து பாருங்கள், கற்றுக்கொள்வீர்கள். ஆனால் கோப்பு உள்ள ஒரு மைக்கின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாதவரை அதன் சொல்லை நம்பாதீர்கள்.

ஒப்பிடுவது என்று வந்தால், ஒரு மைக்கை இன்னொன்றோடு ஒப்பிடும் சங்கிலி எங்கே முடிகிறது என்பதைத் தில்லியில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பூசாவில், டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க்கில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் நாட்டின் அளவைகளுக்கெல்லாம் தாய்வீடு. தெருவுக்குப் பெயர் தந்த கிருஷ்ணன், 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், சர். சி.வி. ராமனோடு பணியாற்றியவர், ஆய்வகத்தின் முதல் இயக்குநர். கட்டடம் 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. கிலோகிராம், வினாடி போல ஒலியழுத்தத்துக்கும் அங்கே மூல அளவை உண்டு. மைக்குகளை ஒன்றுக்கொன்று எதிராக வைத்து, ஒன்றை ஒலிக்கச் செய்து மற்றொன்றால் கேட்டு, அதன் மூலம் அவற்றின் உணர்திறனைக் கணக்கிடும் பரஸ்பர முறையில் அது நிலைநாட்டப்படுகிறது. தொழிற்சாலைகளும் சோதனைக்கூடங்களும் தங்கள் கருவிகளின் அளவை அந்த மூலத்தோடு பொருத்திக்கொள்கின்றன.

வீட்டில் ஸ்பீக்கர் செய்பவருக்கு அந்த அளவு துல்லியம் வேண்டியதில்லை. 1 பாஸ்கல் அழுத்தம் 94 டெசிபல் என்பது ஒரு நிலையான புள்ளி. மைக்கின் நுனியில் பொருத்தினால் 1,000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் ஒலி தரும் கையடக்கக் கருவிகள் விற்கின்றன. உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதை எண்ணாகச் சொல்ல விரும்பினால் மட்டும் அது வேண்டும். மேடு பள்ளம் பார்க்க, கிராஸ்ஓவர் வடிவமைக்க, இரண்டு பெட்டியை ஒப்பிட அது தேவையே இல்லை. மைக்கே தேவைப்படாத அளவையும் ஒன்று இருக்கிறது. ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சவுண்டு கார்டாலேயே வூஃபரின் மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) அதிர்வெண்படி வரைந்துவிடலாம். காற்றுத் துளை வைத்த பெட்டி எந்த ஸ்தாயிக்குப் பொருந்தியிருக்கிறது என்பதை அந்தக் கோட்டின் இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் சொல்லிவிடும். பெட்டி மூடிய அன்றே செய்ய வேண்டிய சோதனை இது.

மைக்கைத் தேர்ந்தெடுத்தாயிற்று. எங்கே வைத்து அளப்பது என்பதில்தான் அளவையின் தரம் நிற்கிறது. மைக்குக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது இடத்துக்குச் செலவழியுங்கள் என்பேன். ஒலி ஸ்பீக்கரிலிருந்து நேராக மைக்குக்கு வருகிறது. சற்று நேரத்தில் அதே ஒலி தரையிலும் விட்டத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வந்தது சேர்வதற்குள் கதவை மூடுவதுபோல மென்பொருளில் நேரத்தைக் கத்தரித்துவிட்டால், ஸ்பீக்கரின் ஒலி மட்டும் மிஞ்சும். எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து எந்த அதிர்வெண் வரைக்கும் கீழே நம்பலாம் என்பது அமையும்.

தில்லியின் அடுக்குமாடி வீடொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 9 அடி, அறை 10க்கு 12 அடி. ஸ்பீக்கரை ஸ்டூல் மேல் தூக்கி, ட்வீட்டர் தரைக்கும் விட்டத்துக்கும் சரிபாதியில் இருக்கும்படி நிறுத்தி, 1 மீட்டர் தள்ளி அதே உயரத்தில் மைக்கை வைத்தால், தரையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட ஏறக்குறைய 1.9 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்யும். அதற்கு ஆகும் நேரம் 5.6 மில்லி நொடி. கணக்குப் போட்டால், 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த வளைகோடு எதையும் சொல்லாது. மொட்டை மாடிக்கு ஏற்றி, ஏணியோ மேசையோ போட்டு 2 மீட்டர் உயரத்தில் வைத்தால், தலைக்கு மேல் விட்டம் இல்லாததால் 9 மில்லி நொடி கிடைக்கும், எல்லை 110 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும், பர்சாத்தி என்னும் மொட்டை மாடி அறையின் சுவரும் இருந்தால் அவையும் சுவர்தான், தள்ளியே வையுங்கள்.

பேஸ் பகுதியை அளக்க வேறு தந்திரம் இருக்கிறது. டி.பி. கீல் 1974இல் விளக்கிய முறை அது. மைக்கை வூஃபரின் நடுவில் கூம்பைத் தொட்டுவிடாமல் மிக அருகே, ஆறரை அங்குல வூஃபர் என்றால் 7 மில்லிமீட்டருக்குள், கொண்டுபோய் வைப்பது. அவ்வளவு நெருக்கத்தில் வூஃபரின் ஒலி முன்னால் அறையின் எதிரொலி ஒன்றுமில்லாமல் போய்விடும். 13 சென்டிமீட்டர் பயன்பாட்டு விட்டமுள்ள அந்த வூஃபருக்கு இந்த அளவை சுமார் 840 ஹெர்ட்ஸ் வரை செல்லும். இந்தக் கோட்டையும், முன்பு 1 மீட்டரில் அளந்து நேரம் கத்தரித்த கோட்டையும் 300 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒட்டினால் முழுப் படம் கிடைக்கும். ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் முகப்புப் பலகை அகலத்தைப் பொறுத்து, கீழ் அதிர்வெண்களில் ஒலி பின்பக்கமும் பரவி முன்னால் குறைந்துபோகும். 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 575 ஹெர்ட்ஸ் வாக்கில் இந்த இறக்கம் நடக்கும். நெருங்கி வைத்த மைக்குக்கு இது தெரியவே தெரியாது, கணக்கில் சேர்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இதை விட்டுவிட்டுக் கிராஸ்ஓவர் போட்டதால்தான் பல கைவேலை ஸ்பீக்கர்கள் மெலிந்து, கீச்சென்று ஒலிக்கின்றன.

தில்லியின் தட்பவெப்பத்தையும் கணக்கில் வையுங்கள். ஜனவரிக் காலை 8 டிகிரியில் ஒலி நொடிக்கு 336 மீட்டர் போகும், ஜூன் மாத 44 டிகிரியில் சுமார் 357 மீட்டர். குளிரில் காற்றுத் துளையை 40 ஹெர்ட்ஸுக்குப் பொருத்திய பெட்டி கோடையில் சுமார் 42.5 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குளிரில் வூஃபரின் ரப்பர் விளிம்பும் இறுகும். ஆகவே ஒரே ஸ்பீக்கரின் இரண்டு டிரைவரையும் ஒரே நாளில், ஒரே வேளையில் அளந்து முடியுங்கள். மே மாதத்து லூ என்னும் வெப்பக் காற்றில் மாடியில் அளக்க வேண்டாம், காற்று மைக்கில் மோதும் சத்தம் பேஸ் மாதிரியே திரையில் ஏறும். குளிர்காலத்தில் காற்று அசையாத காலைப் பொழுது நல்லது, ஆனால் 6 மணிக்கு மேல். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு விதி. 1 மீட்டரில் 85 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கர், திறந்த வெளியில் 10 மீட்டர் தள்ளி 65 ஆக இறங்கும். அளப்பதற்காக மென்பொருள் எழுப்பும், அடிமுதல் உச்சிவரை ஏறும் ஊளைச் சத்தம் சில நொடிதான் என்றாலும், அடுத்த மாடிக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது மரியாதை. சத்தத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுங்கள். ஏறும் ஒலியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பின்னணி இரைச்சலிலிருந்து 3 டெசிபல் விலகும். மின்விசிறி, ஏசி, கூலர் எல்லாவற்றையும் அணையுங்கள், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

இனி பதிவு. செய்த ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கிறது என்று ஊரில் இருக்கும் தம்பிக்கோ நண்பருக்கோ கேட்கக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இயல்பு. இங்கே அளவை மைக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் சின்னக் கேப்ஸ்யூலுக்குச் சொந்த இரைச்சல் அதிகம். தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் சீறல் கேட்கும். ஸூம், டாஸ்காம் போன்ற கையடக்க ரிக்கார்டர்களை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பேன். தானியங்கி அளவு, கீழ் அதிர்வெண் வடிகட்டி, லிமிட்டர் மூன்றையும் அணைத்து, 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். நாம் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் ரிக்கார்டரை வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டு காதோடு அறையில் இருக்கும்போது எதிரொலியை மூளை ஒதுக்கித் தள்ளுகிறது, பதிவில் அது அப்படியே கேட்கும். 60 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள். அனுப்பும்போது மூலப் பாட்டையும் கூடவே அனுப்புங்கள். கேட்பவர் தன் ஹெட்போனில் இரண்டையும் மாற்றிக் கேட்டால்தான் ஸ்பீக்கர் செய்த வித்தியாசம் தெரியும். பதிவை மட்டும் கேட்டு "பேஸ் பிரமாதம்" என்று சொல்பவர் தன் ஹெட்போனைத்தான் பாராட்டுகிறார்.

எதைப் பதிவு செய்வது? பழகிய மனிதக் குரல் முதலில். தில்லி வானொலி நிலையத்திலிருந்து பல்லாண்டு தமிழ்ச் செய்தி வாசித்த, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் போல, ஒரு தலைமுறையின் காதில் பதிந்த குரல் என்றால் பெட்டியின் சிறு கோணலும் உடனே தட்டுப்படும். அடுத்து மிருதங்கம். தோல் வாத்தியங்கள் பொதுவாக ஒழுங்கற்ற மேற்சுரங்களைத் தரும்போது, மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் பூசிய கருஞ்சாந்தான சாதம் அவற்றை ஒத்திசைவான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை ராமன் 1920இலேயே எழுதினார். இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்காரம் பேஸையும், வலந்தலையின் தெளிந்த மேற்சுரங்கள் கிராஸ்ஓவர் பகுதியையும் ஒரே வாத்தியத்தில் சோதித்துவிடும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டுப் பதியும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதையே காது நல்லது என்று தேர்ந்தெடுக்கும், அரை டெசிபல் வித்தியாசமே போதும்.

யாருக்கு எது? தயார் வடிவமைப்பை வாங்கிப் பெட்டி மட்டும் செய்பவருக்குப் போனில் செருகும் அளவை மைக் போதும், ஒயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. அறையைத் திருத்தவும், டிஎஸ்பி (டிஜிட்டலாக ஒலியைத் திருத்தும் கருவி) வைத்துச் சரிசெய்யவும் விரும்புபவர் யூஎஸ்பி மைக் எடுக்கலாம், ஒரு செருகலில் முடியும் வேலை. வூஃபரும் ட்வீட்டரும் கொண்ட முதல் டூ-வே ஸ்பீக்கரைத் தாமே வடிவமைக்க நினைப்பவரும் மூன்று அளவை முறையோடு யூஎஸ்பியில் ஒப்பேற்றலாம். இரண்டாவது ஜோடி செய்யும் எண்ணம் இப்போதே இருக்கிறதென்றால் தயங்காமல் கோப்புள்ள எக்ஸ்எல்ஆர் மைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்குங்கள். அந்த இன்டர்ஃபேஸ் வீட்டில் யாராவது பாடிப் பதியவும் உதவும். கைச்செலவு இடிக்கிறது என்றால் மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். வருஷத்தில் சில நாள்தான் மைக் வேலை செய்யும், மற்ற நாள் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு தூங்கும்.

வாங்கியதும் கோப்பை இறக்கி இரண்டு இடத்தில் சேமித்து, வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். மைக்கின் உடம்பில் அச்சிட்ட எண் கைபட்டு அழியக்கூடும். ஒவ்வொரு அளவைக்கும் தேதி, வெப்பநிலை, தூரம், உயரம், எந்த டிரைவர், ஒயர் எந்த முனை என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கிராஸ்ஓவரைத் திருத்த உட்காரும்போது, பெயரில்லாத 20 வளைகோடுகளில் எது எது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது, மறுபடி எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்க வேண்டியதுதான்.